தாச்சியில் பன்னிரண்டு நிமிடம்

17.02.2025, திங்கள்

மாங்குளத்திலிருந்து வந்த பஸ் முள்ளியவளையில் இறக்கிவிடும்போது மணி ஆறேகால். அம்மா இறால் சட்டியை நீட்டினார். மீன்கார அண்ணை மத்தியானம் வந்திருக்கிறார்; நந்திக்கடல் இறால், ஒரு கிலோ. பாதியை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு மற்றப் பாதியுடன் குந்தினேன். தலையைத் திருகி, கோதைக் கழற்றி, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்து முடிக்க முக்கால் மணி நேரம் போனது. கிடைத்தது ஒரு கிண்ணம்தான். விரல் நுனியெல்லாம் இறால் முள் குத்திய எரிவு.

அந்நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து அக்கா ஒரு படம் அனுப்பினாள். இறாலும் ஸ்னாப் பீஸும், 'பத்து நிமிடச் சமையல்' என்று. உரித்த இறாலைப் பையோடு வாங்குகிறவளுக்குப் பத்து நிமிடம்தான். எனக்கு அலுப்பு, வழக்கம் போலப் பிரட்டல் வைத்துப் பாணோடு தின்றோம்.

18.02.2025, செவ்வாய்

ஸ்னாப் பீஸ் என்றால் கோதோடு தின்னும் பட்டாணி. குளிர் கேட்கும் கொடி. வன்னி வெயிலில் அதற்கு என்ன வேலை? தம்பியின் மகன் தொலைபேசியில் தேடி, சுகர் ஸ்னாப் என்ற இனம் அமெரிக்காவில் 1979இல்தான் வெளிவந்தது என்று வாசித்தான். "அப்போது எனக்குக் கலியாணமே முடிந்துவிட்டது" என்றார் அம்மா. அவருக்கு அந்தக் காயின் மேல் மதிப்பு இன்னும் குறைந்தது.

கொல்லைப் பந்தலில் பயற்றங்காய் தொங்குகிறது. ஸ்னாப் பீஸுக்குப் பதிலாக இதைப் போட்டுப் பார்க்கலாம் என்று, வளைத்தால் 'டக்' என்று முறிகிற பிஞ்சாகப் பார்த்து ஒரு பிடி பறித்தேன். விதை புடைத்துத் தோல் தளர்ந்தது இதற்கு ஆகாது, அது பால்கறிக்குப் போகட்டும்.

20.02.2025, வியாழன்

இன்று கெடுத்தேன். ஐஸ் பெட்டி இறாலை அவசரமாக உரித்து, ஐஸ் தண்ணீர் வடியாமலே தாச்சியில் கொட்டினேன். வறுபட வேண்டியது வேகத் தொடங்கியது. பயற்றங்காயும் கூடவே சோர்ந்து நிறம் மாறியது. வேறு வழியில்லாமல் தேங்காய்ப்பால் விட்டுத் தேசிக்காய் பிழிந்தேன். கடை இடியப்பத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. "இப்போதுதான் கறி மாதிரி இருக்கிறது பிள்ளை" என்று அம்மா இரண்டாம் முறையும் விட்டுக்கொண்டார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

21.02.2025, வெள்ளி

சைவம். பயற்றங்காய் வறை, பருப்பு.

அக்காவுடன் கதைக்கும்போது அம்மா தொலைபேசியை வாங்கி, "இதைக் கனடாவுக்குப் போயா படித்தாய்? ஒடியற்கூழுக்குள் இறாலும் பயற்றங்காயும் ஒன்றாகத்தானே கிடக்கின்றன" என்றார். மறுமுனையில் சத்தமில்லை. பிறகு அக்கா, ஒடியல் மா அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

24.02.2025, திங்கள்

சரியாக வந்தது. எனக்காகவே எழுதி வைக்கிறேன்.

காலையில் வாங்கிய இறாலை அம்மாவே உரித்து வைத்திருந்தார் (கேட்டதற்கு, பொழுது போகவில்லையாம்). பழைய சாரத்துண்டில் ஒற்றி ஈரம் போக்கி, மஞ்சள், உப்பு, கொஞ்சம் கறித்தூள் பிரட்டினேன். தாச்சி நன்றாகச் சுட்டதும் எண்ணெய், நசுக்கிய உள்ளி, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. விரல் நீளத்தில் முறித்த பயற்றங்காய் முதலில். உப்புப் போட்டு ஐந்து நிமிடம் கிளறினேன். ஸ்னாப் பீஸுக்கு இரண்டே நிமிடம் போதும் என்கிறாள் அக்கா. நம்முடையது அவ்வளவு இளகிய மனசுள்ள காய் இல்லை. அதை ஒரு கோப்பையில் எடுத்து வைத்துவிட்டு, அதே தாச்சியில் இறாலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினேன். ஒரு பக்கம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட, பிறகு மறுபக்கம். பிறை போல வளைந்தால் பதம். வளையமாகச் சுருண்டால் ரப்பர். காயைத் திரும்பக் கொட்டி, மிளகு தூவி, அடுப்பை அணைத்த பிறகே தேசிக்காய்ப் புளி. மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

மருமகன் சோற்றைத் தொடாமல் இறாலை மட்டும் பொறுக்கித் தின்றான். அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தன் பங்கை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். சிறிது நேரத்தில் தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை வந்தது.