அறுபதில் வரும் உதறல்: ஜீப் நாட்குறிப்பு

ஜூலை 6

விஜயமங்கலம் தாண்டி 544 நெடுஞ்சாலையில் போகும்போது மறுபடியும் அதே உதறல். வண்டி அப்பா வாங்கிய மஹிந்திரா எம்எம் 540 ஜீப், பியூஜோ டீசல் இன்ஜின். மணிக்கு 50 கிலோமீட்டர் வரைக்கும் ஒன்றும் தெரியாது. 55 தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஆரம்பித்து, 60-ல் கியர் கம்பி கைக்குள் நிற்காமல் நடுங்குகிறது. ஸ்டீயரிங் மட்டும் அமைதியாக இருக்கிறது. முன் சக்கரத்தில் கோளாறு என்றால் முதலில் ஆடுவது ஸ்டீயரிங்தான்.

இன்னொன்றையும் குறித்து வைக்கிறேன்: கதலித் தார் ஏற்றிக்கொண்டு போகும்போது உதறல் குறைவு, காலி வண்டியாகத் திரும்பும்போது அதிகம். ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை.

கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். டயரை மாத்து, இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங்கை மாத்து, கிராஸை மாத்து. கிராஸ் என்பது, இன்ஜின் பக்கத்துச் சுழற்சியைச் சக்கர அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாப்டின் முனையில் உள்ள மூட்டு. அப்படி மாற்றிக்கொண்டே போனால் தார் விற்ற காசு முழுக்க ஸ்பேர் கடைக்குத்தான். எது சுற்றும்போது உதறுகிறது என்று தெரிகிற வரை ஸ்பேனரைத் தொடுவதாக இல்லை.

ஜூலை 8

விடியக் காலை, ரோடு காலி. 60-ல் போய்க்கொண்டிருக்கும்போதே நியூட்ரலில் தள்ளினேன். இன்ஜின் சத்தம் இறங்கியது, உதறல் இறங்கவில்லை. மூன்றாவது கியரில் 55 வரை இழுத்துப் பார்த்தேன். இன்ஜின் வேகம் எவ்வளவோ கூடியும் உதறல் அதே 55-ல்தான் எட்டிப் பார்த்தது. வண்டியை நிறுத்தி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வழக்கமான டீசல் ஆட்டம் மட்டுமே. ஆக, இன்ஜின், க்ளட்ச், மவுண்டிங் மூன்றுக்கும் இதில் பங்கில்லை. பாக்கி இருப்பது சக்கரமும் ஷாப்டும்.

ஜூலை 9

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றுக்குக் கூண்டுத் துணி படபடவென்று அடித்துக்கொள்கிறது, உள்ளே ஒன்றும் கேட்பதில்லை. துணியைக் கழற்றிவிட்டேன்.

மச்சான் ஒத்தாசைக்கு வந்தார். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். ஷாப்டில் சாக்பீஸ் கோடு. ஒரு சக்கரம் தரையில் இருப்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் நிஜ ஓட்டத்தில் ஒரு சுற்றுக்குச் சமம். ஷாப்ட் ஐந்து சுற்றை ஒட்டி வந்தது.

6.00-16 டயரின் சுற்றளவு சுமார் இரண்டே கால் மீட்டர். 60-ல் சக்கரம் நொடிக்கு ஏழு சுற்றுக்கு மேல், ஷாப்ட் முப்பத்தைந்தைத் தாண்டும். டயர் கோளாறு என்றால் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். எனக்கு வருவதோ நெல்லு மில்லில் நிற்கிற மாதிரிப் பொடி நடுக்கம். ஷாப்ட்தான்.

ஜூலை 13

கோபியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஏனுங் தம்பி, இதுக்கு முன் வீலுல, வீலை ஷாப்டுலருந்து பிரிச்சு விடுற லாக்கிங் ஹப்பு இல்லீங்க. டூ வீல்ல போனாலும் முன் ஷாப்டு சும்மா சுத்திக்கிட்டுத்தானுங்க இருக்கும். அதைக் கழட்டி வெச்சுப்போட்டு ஒருக்கா ஓட்டிப் பாருங்" என்றார்.

கழற்றி ஓட்டினேன். உதறல் அப்படியே இருக்கிறது. முன்பக்கம் தப்பித்தது.

ஜூலை 19

பின் ஷாப்ட். அடியில் படுத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தார் அண்ணன். பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் பக்கத்துக் கிராஸில் துளி ஆட்டம், ஒரு கப்பைச் சுற்றிச் செங்காவிப் பொடி. கிரீஸ் வற்றி ஊசி பேரிங் தேய்ந்தால் இப்படித் துருப்பொடி கக்கும். நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஷாப்டின் இரண்டு துண்டும் பல்லோடு பல் கோத்து நிற்கும் ஸ்லைடிங் ஸ்ப்ளைன் மேல் அப்பியிருந்த மண்ணையும் கிரீஸையும் டீசல் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே இரண்டு அம்புக்குறிகள். நேருக்கு நேர் நிற்க வேண்டியவை, ரெண்டு பல் தள்ளி நின்றன. போன வருசம் க்ளட்ச் பிளேட் போட்ட ஒரு பட்டறையில் ஷாப்டைக் கழற்றியவர்கள் குறி பார்க்காமல் கோத்திருக்கிறார்கள்.

கிராஸையும் கையோடு மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, "ஒண்ணு செஞ்சு ஒருக்கா ஓட்டுங்க, அப்பத்தான் எதுனால போச்சுன்னு தெரியும்" என்றார். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்தது. அம்பை மட்டும் நேராக்கிக் கோத்தோம்.

முக்கால்வாசி போய்விட்டது. 60-ல் கியர் கம்பி நிற்கிறது. 65-க்கு மேல் மெல்லிய ரீங்காரம் மட்டும் பாக்கி.

ஜூலை 20

தப்பு நடந்தது போன வருசம், உதறல் வந்தது இந்தச் சித்திரைக்கு அப்புறம். இடையில் நடந்தது என்ன? தார் பாரத்துக்காகப் பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டோம். பின்பக்கம் உயர்ந்தது, ஷாப்டின் சாய்வு கூடியது.

கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது, உள்ளே வருகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகிற வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். 5 டிகிரி சாய்வில் அது அரை சதவீதம்கூட இல்லை. 10 டிகிரியில் ஒன்றரை சதவீதம். சாய்வு இரட்டிப்பானால் ஏற்ற இறக்கம் நாலு மடங்கு. இரண்டு முனைக் கிராஸும் ஒரே வாகில், ஒரே சாய்வில் நின்றால் முன்னது செய்வதைப் பின்னது சரிக்கட்டிவிடும். அம்பு தள்ளினால் சரிக்கட்டாது. பழைய சாய்வில் அந்த மிச்சம் தெரியாமலே கிடந்திருக்கிறது.

பாரம் ஏற்றினால் பட்டை தாழ்ந்து சாய்வு குறைகிறது. தார் வண்டியில் உதறல் குறைந்ததன் காரணம் இப்போது புரிகிறது.

செல்போனில் மட்டம் பார்க்கும் ஆப்பை வைத்து இரண்டு முனைச் சாய்வையும் அளந்தேன். ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போகின்றன. பட்டையை எடுக்க வேண்டியதில்லை.

ஜூலை 27

புதுக் கிராஸ் போட்டாயிற்று. டிஃபரன்ஷியலில் ஷாப்ட் பூட்டும் பினியன் பிளாஞ்சிலும் ஷாப்டிலும் பஞ்ச் குறி அடித்த பிறகே கழற்றினார் அண்ணன். முன் ஷாப்டும் திரும்ப ஏறிவிட்டது. காலி வண்டியில் பெருந்துறை போய் வந்தேன். 70-லும் ரீங்காரம் இல்லை. பண்ணாரி தாண்டி திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினேன். இழுவையிலும் சரி, விட்டு இறங்கும்போதும் சரி, அடியில் ஒரு சத்தமும் இல்லை.

பினியன் ஆயில் சீல் லேசாகக் கசிகிறது. அது ஆடிப்பெருக்கு கழிந்து.