ஒடியல் மாவை ஊறப்போட மறந்த அத்தியாயம்

எழுதிக்கொண்டிருக்கிற நாவலில் பதினொராம் அத்தியாயம் ஒரு வழியாக முடிந்தது. இருபதோ இருபத்திரண்டோ வரும்போலத் தெரிகிறது. போன வருசம் பொங்கல் லீவில் தொடங்கியபோது ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று பெறாமகளிடம் வீரம் கதைத்திருந்தேன். அவள் இப்போது ஒன்பதாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்காக எழுதத் தொடங்கிய நாவலில் கம்சிகா இன்னும் எட்டாம் ஆண்டில்தான் நிற்கிறாள்.

கதை சின்னது. யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை. அம்மம்மா செத்து ஒரு மாதம். பூட்டிக்கிடக்கிற குசினியைத் துப்புரவாக்க அம்மாவோடு போகிறாள். அங்கே பரணில் ஒரு பழைய பால்மா ரின். உள்ளே அடியில் கொஞ்சம் ஒடியல் மா, அதாவது பனங்கிழங்கு மா, மூடியில் ஆணியால் கீறிய கோடுகள். போர்க்காலத்தில், 1995 இடம்பெயர்வில் அம்மம்மா கொண்டுபோன ரின் அது. கோடுகள் எதற்கு என்பதுதான் மர்மம். தொடங்கும்போது எனக்கும் அது தெரியாது என்பதை இங்கே ஒத்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று அத்தியாயங்களை எழுதி முடித்தபோது நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். புட்டு அவிகிற நீத்துப்பெட்டி, சொதியில் மிதக்கிற வெங்காயம், பனாட்டுப் பாய், கறித்தூளுக்கு வறுபடுகிற செத்தல் மிளகாய், எல்லாம் வந்துவிட்டது. பெறாமகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். ரியூசனால் வந்து, காலை நீட்டி இருந்து வாசித்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏன் சித்தி, சாப்பிடேக்க எல்லாரும் அழுகினம்?"

கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு அத்தியாயத்தில் புட்டைப் பிசைந்துகொண்டு அம்மா அழுகிறாள். அடுத்ததில் மாமா. மூன்றாவதில் கம்சிகாவே அழுகிறாள், அதுவும் தான் ஒருநாளும் சாப்பிட்டிராத பண்டத்தைப் பார்த்து. 'வாசம்' என்ற சொல்லைத் தேடி எண்ணினேன்: பதினேழு இடம். பிள்ளை அடுத்ததாகச் சொன்னது இன்னும் சுட்டது: "உவளுக்கு வேற வேலையே இல்லையோ? எனக்கெண்டா கூழ் பிடிக்காது."

அந்த வசனத்தை அப்படியே தூக்கிக் கம்சிகாவின் வாயில் வைத்தேன். அவளுக்குக் கூழ் பிடிக்காது. அவளுக்கு வலைப்பந்துப் பயிற்சி இருக்கிறது, சனிக்கிழமை கோட்டமட்டப் போட்டி, அதை விட்டுவிட்டுக் கரி பிடித்த சட்டி விளக்க வந்திருக்கிறாள். கோபத்தோடு வருகிற பிள்ளையை எழுதுவது சுலபமாக இருந்தது. பழைய மூன்று அத்தியாயங்களில் ஒன்றரைதான் மிஞ்சியது.

அதற்குப் பிறகுதான் இன்னொரு விசயம் உறைத்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் கம்சிகாவும் தாயும் ஒடியல் கூழ் காய்ச்ச வேண்டும். நான் ஒருநாளும் கூழ் காய்ச்சியதில்லை. குடித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப் பாசையூருக்குப் போய் நண்டும் இறாலும் ஒரு மீன்தலையும் வாங்கினேன். வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தையில் பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி முருங்கையிலை, அரைக்கிலோ ஒடியல் மா. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அடுப்பை மூட்டினேன். அரிசியும் பலாக்கொட்டையும் கிழங்கும் அவிந்தன, மீன் போட்டேன், அரைத்த மிளகாய், பழப்புளி, எல்லாம் ஒழுங்கு. கடைசியில் மாவைத் தண்ணீரில் கரைத்து நேரே ஊற்றித் துழாவினேன். பார்க்க நல்ல வடிவாக இருந்தது. படம்கூட எடுத்தேன்.

ஒரு அகப்பை வாயில் வைத்ததும் நாக்கு சுருண்டது. கைப்பு, அதோடு தொண்டை வரைக்கும் ஒரு கயர்ப்பு. அம்மா வந்து ஒரு சொட்டு நாக்கில் தொட்டுப் பார்த்தா.

"மாவை ஊறப்போட்டனியே?"

"இல்லை."

"பேந்தென்ன. நாய்க்கு ஊத்து. அதுவும் குடிக்குமோ தெரியாது."

நாய் மீன்தலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.

ஒடியல் என்பது பனங்கிழங்கை அவிக்காமல் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவிடுவது. அவித்துக் காயவிட்டால் அது புழுக்கொடியல், நேரே கடித்துத் தின்னலாம். ஒடியல் மாவுக்கு அந்தக் கைப்பு பிறவிக்குணம். நிறையத் தண்ணீர் விட்டு ஊறப்போட்டால் மா அடியில் படியும், மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரில் கயர் இறங்கியிருக்கும், அதை மெல்ல இறுத்துவிட வேண்டும். அடுத்த ஞாயிறு அம்மா பக்கத்தில் நின்று செய்வித்தா. இரண்டுதரம் இறுத்தோம். சட்டியைச் சரிக்கிறபோது அடியில் உள்ள மா ஓடிவிடாமல் விரலால் அணை கட்டினா அம்மா. சொல்லித்தந்த விசயத்தைவிட அந்த விரல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஏனென்றால் மா ஊறுகிற அந்த இடைவெளியில் அம்மா தானாகக் கதைத்தா. அதற்கு முன் நான் எழுதிய பக்கங்களில் பெரியவர்கள் பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி, தொண்டையைச் செருமி, வரலாறு சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படிக் கதை சொன்னதில்லை. கையில் வேலை இருக்கும்போது, தண்ணீர் தெளியக் காத்திருக்கும்போது, பாதி வசனமாகத்தான் வரும். "அப்ப உன்ர கொம்மம்மா இந்தத் தண்ணியையும் ஊத்தவிடமாட்டா" என்று தொடங்கும். ஐந்தாம் அத்தியாயம் இப்போது முழுக்க அந்தத் தண்ணீர் தெளிகிற நேரம்தான். கூழ் கொதிப்பதற்கு முன்பே அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

அம்மாவுக்கு மற்றப் பகுதிகளையும் வாசித்துக் காட்டினேன். அது எனக்குச் செலவான முடிவு. முதல் அடி ஆடிப்பிறப்பில் விழுந்தது. ஒடியல் கூழையும் ஆடிக்கூழையும் நான் குழப்பி வைத்திருந்தேன். ஆடிக்கூழ் இனிப்பு: அரிசிமா, பனங்கட்டி, தேங்காய்ப்பால், வறுத்த பயறு, தேங்காய்ச்சொட்டு. அதற்குள் நான் நண்டைப் போட்டிருந்தேன். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுக்காரர் எட்டிப் பார்த்தார்.

1995 பகுதிக்கு வந்தபோது சிரிப்பு இல்லை. ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த கதை. எனக்கு அப்போது இரண்டு வயது. அப்பாவின் சைக்கிள் பாரில் துவாய் சுற்றி இருத்திக் கொண்டுபோனார்களாம், நான் வழிநெடுக நித்திரையாம். எனக்கு நினைவே இல்லாத ஒரு இரவை எழுதியிருந்தேன். அதில் அம்மம்மா மண்பானையைத் தலையில் சுமக்கிறா, போய்ச் சேர்ந்ததும் நண்டுக்கூழ் காய்ச்சிச் சனத்துக்கெல்லாம் வார்க்கிறா.

"மண்பானையை ஆர் பிள்ளை அந்த மழைக்குள்ள தூக்குறது? அலுமினியச் சட்டி. அதுவும் சைக்கிள் கரியலில கட்டினது. நண்டெங்க அப்ப? கடலுக்குப் போக விட்டவங்களே?"

சரிதானே. 1990 இலிருந்து கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை, கடலுக்கும் தடை. நண்டை எடுத்துவிட்டேன். மீனையும் எடுத்துவிட்டேன். முருங்கையிலையும் உப்பும் புளியும் மாவும் மட்டும் உள்ள கூழை எழுதினால் அந்தக் காட்சிக்கு ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை. நல்ல பக்கம்.

காலக்கணக்கு ஒன்றில் மட்டும் நான் தப்பினேன். பனம்பழம் விழுகிறது ஆடி ஆவணியில், கொட்டையைப் பாத்தியில் போட்டால் கிழங்கு கிண்டுவது மார்கழி தையில். ஒக்டோபர் கடைசி ஐப்பசி மாதம். கிழங்கு இருக்காது, ஆனால் முந்திய தையில் காயவிட்டு இடித்த மா ரின்னில் இருக்கும். ரின் கதையில் நிற்கலாம்.

இடத்தையும் ஒருக்கால் பார்ப்பம் என்று ஒரு லீவு நாளில் சைக்கிளில் அரியாலை தாண்டி நாவற்குழிப் பாலம் வரைக்கும் போய்வந்தேன். வாகனத்தில் எத்தனையோ தரம் கடந்த பாலம், ஒரு நிமிசம்கூட இல்லை. அன்று அதைக் கடக்கவே மணித்தியாலக் கணக்காம். அக்காவுக்கு அப்போது எட்டு வயது. பாலத்தில் என்ன கண்டாய் என்று கேட்டேன். "முன்னால போனவரின்ர கரியல்" என்றாள். அதில் ஒரு கோழி கட்டியிருந்ததாம், அது இரவு முழுக்க இவளையே பார்த்ததாம். செல் சத்தம் பற்றி நான் எழுதிவைத்திருந்த இரண்டு பக்கத்தை வெட்டிவிட்டுக் கோழியைப் போட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் போரை எவ்வளவு சொல்லலாம் என்று மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டிய அளவு சொல்லலாம் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

மொழி விசயம் ஓரளவு ஒழுங்கு. கதைப்பதெல்லாம் எங்கட பேச்சில், சொல்வது எழுத்துத்தமிழில். பிளா, சுண்டு, படலை எதற்கும் அடிக்குறிப்பு இல்லை. கூழ் குடிக்கிற பிளா தெரியாத பிள்ளைக்காக கம்சிகா ஒரு பனையோலையை மடித்து நுனியை முடிச்சுப் போடுகிறாள். முதலாவது ஒழுகுகிறது. அவ்வளவு விளக்கம் போதும்.

கோடுகள்தான் மிச்சம். மூடியில் நாட்களை எண்ணிக் கீறினா என்று வைத்திருந்தேன். பெறாமகளுக்கு அது பிடிக்கவில்லை. "நாளை எண்ணி என்ன செய்யிறது? ரின்னுக்கு உள்ளுக்குக் கீறினா மா எவ்வளவு குறையுதெண்டாவது தெரியும்." கோடு உள்ளே போனால் ஒவ்வொரு சுண்டு மாவுக்கும் ஒரு கணக்கு. யாராவது களவாக எடுத்தாலும் பிடிபடும்.

நேற்றுப் பின்னேரம் வீட்டில் கிடந்த வெறும் ரின் ஒன்றை எடுத்தோம். கரண்டிக்காம்பால் நெம்பித் திறக்கிற பழைய மாதிரி, வாய் ஒடுக்கம். ஆணியைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டுக் கீறிப் பார்த்தேன். மேலே மூன்று கோடு வந்தது. அதற்குக் கீழே கை போகவில்லை, மணிக்கட்டு விளிம்பில் இறுகிவிட்டது. அம்மாவின் கையும் போகவில்லை. பெறாமகள் வாங்கிக் கையை விட்டாள். அடி வரைக்கும் போனது.

அப்படியென்றால் கீழ்ப்பாதிக் கோடுகளைக் கீறியது அம்மம்மா இல்லை. முதலாம் அத்தியாயத்தைத் திரும்பத் திறந்து வைத்திருக்கிறேன்.