சித்தி வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்த ராத்திரி

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நான் சென்னையில் இருந்தேன். சித்தி ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தனியாக இருந்தாள். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் கடைசியாக லைன் கிடைத்தபோது, "ஏய்யா, வாசப்படிக்குத் தண்ணி வந்துட்டு, அணையத் தொறந்துட்டாங்களான்னு கேட்டுச் சொல்லு" என்றாள். அதோடு டவர் போய்விட்டது. பக்கத்து வீட்டு மாடியில் பத்துப் பதினைந்து பேரோடு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

சித்தி கேட்ட அந்தக் கேள்வியை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தாமிரபரணிக் கரையில் வெள்ளம் என்றாலே எல்லோர் வாயிலும் முதலில் வருவது அணைதான். 1992 நவம்பரைப் பார்த்தவர்கள் பாபநாசத்தில் எத்தனை அடி, மணிமுத்தாற்றில் எத்தனை அடி என்றுதான் விசாரிப்பார்கள். திருநெல்வேலி டவுனில் இருப்பவர்கள் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் எதுவரை மூடியிருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், அதுவே ஒரு அளவுகோல் மாதிரி. ஆனால் 2023-இல் மழை அணைக்குக் கீழே சமவெளியிலேயே கொட்டியது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மேலே மாஞ்சோலையில் 55. ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கம், உடைந்த குளங்களின் தண்ணீர் இன்னொரு பக்கம். அணையின் கணக்கை மட்டும் பார்த்து நான் பதில் சொல்லியிருந்தால் அது தப்பான பதிலாகத்தான் இருந்திருக்கும்.

தாமிரபரணி சின்ன ஆறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர மொத்தமே 128 கிலோமீட்டர்தான். இப்படிப்பட்ட ஆற்றுக்கும் கங்கைக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கை செய்ய முடியாது. பாலத்துக்கு அடியில் பொருத்துகிற ரேடார் கருவி நல்ல கருவி, அதைக் குறை சொல்லவில்லை. மேலிருந்து அலையை அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்து நீர்மட்டத்தைக் கணக்கிடும், தண்ணீரைத் தொடாததால் அடித்து வருகிற மரமும் செத்தையும் அதை எளிதில் உடைக்காது, ஒரு சோலார் தகடும் சிம் கார்டும் இருந்தால் கால் மணிக்கு ஒரு தடவை அளவை அனுப்பிவிடும். முறப்பநாட்டில் மத்திய நீர் ஆணையத்துக்கு ஒரு நீர் அளவை நிலையம் இருக்கிறது, அங்கே மட்டம் ஏறினால் கீழே ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். சரி, குற்றாலத்துக்கு? 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கியது, 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அருவிக்குப் பக்கத்தில் கருவி வைத்திருந்தாலும் ஓடுவதற்குச் சில நொடிகள்தான் மிஞ்சியிருக்கும். அங்கே அளக்க வேண்டியது மலை மேல் பெய்கிற மழையை, அதுவும் பெய்யும்போதே. நாளைக்கு ஒரு தடவை காலை எட்டரைக்கு எடுக்கிற கணக்கு இதற்கு உதவாது.

இந்திய வானிலைத் துறை 2020 அக்டோபரில் தெற்காசியாவுக்கென்று திடீர் வெள்ள வழிகாட்டி அமைப்பு ஒன்றைத் தொடங்கியது. மண் எவ்வளவு ஊறியிருக்கிறது, இன்னும் எவ்வளவு பெய்தால் ஓடைகள் கரை மீறும் என்று கணக்குப் போட்டு ஆறு மணி நேரம் முன்னால் ஆபத்தைச் சொல்கிறது. பெரிய விஷயம் இது. ஆனால் அந்தச் செய்தி ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சித்தியின் காதில் எப்படி விழும்?

2025 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்ததைப் படித்தபோது இதே கேள்விதான் வந்தது. குவாடலூப்பே ஆற்றில் அளவுமானிகள் இருந்தன, வானிலைச் சேவை அதிகாலை 1.14-க்கே திடீர் வெள்ள எச்சரிக்கை கொடுத்துவிட்டது. ஆற்றோர முகாம்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், பல இடங்களில் செல்போன் சிக்னல் சரியில்லை, கெர் கவுண்டியில், அதாவது அந்த மாவட்டத்தில், ஆற்றங்கரைக்குச் சைரன் அப்போது கிடையாது. அந்த ஒரு கவுண்டியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிற கம்ஃபர்ட் என்ற சின்ன ஊரில் சைரன் இருந்தது, ஊதினார்கள், அங்கே யாரும் சாகவில்லை. அவர்களுக்கு நேரம் கூடுதலாகக் கிடைத்தது என்பதும் உண்மைதான். இருந்தாலும் அந்தச் சத்தம் தூங்கியவர்களை எழுப்பியிருக்கிறது.

எனக்கு இன்னும் பிடித்தது அசாமின் ஜியாதல் ஆற்றில் செய்தது. ஆற்றங்கரையில் எளிமையான ஒரு கருவி, கரையோர வீடு ஒன்றில் அதன் ரிசீவர். மட்டம் ஏறினால் வீட்டில் சத்தம் வரும், அந்த வீட்டுக்காரர் கீழ்ப்பக்க ஊர்களுக்குப் போன் போடுவார். அவ்வளவுதான். இதற்கு 2014-இல் ஐநா காலநிலை அமைப்பின் விருது கிடைத்தது. கருவியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அவர் கூப்பிட வேண்டிய ஆட்கள் யார் யார் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள், அதுதான் என்னைக் கவர்ந்தது.

நம் ஊர்களில் எல்லாக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் மைக் செட் இருக்கிறது. போன மாதம் சித்தி ஊருக்குப் போனபோது அம்மன் கோயில் மைக் செட்டைப் பார்த்தேன், கரண்ட்டில் மட்டும்தான் ஓடும். 2023-இல் கரண்ட் முதலில் போனது. கோயில் கமிட்டிப் பெரியவரிடம் பேசி, பேட்டரியும் அதில் ஓடுகிற ஆம்ப்ளிஃபையரும் நான் வாங்கித் தருகிறேன், ஐப்பசிக்குள் மாட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். முறப்பநாட்டிலும் மேலே உள்ள ஊர்களிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் நம்பரை ஒரு அட்டையில் எழுதிக் கோயில் அறையில் ஒட்டியாயிற்று. நடு ராத்திரியில் போன் வந்தால் யார் எழுந்துபோய் மைக்கைப் போடுவது என்றுதான் அங்கே பேச்சு நின்றது. கோயிலை ஒட்டித்தான் சித்தி வீடு. "சாவிய எங்கிட்டக் குடுங்க, எனக்கு எப்படியும் ஒறக்கம் வராது" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.