முறுக்கோட ஒரு சனிக்கிழமை: ப்ரைட்டன்ல நாய்க்கும் சேர்த்து இடம் தேடின கதை

எங்க வீட்டு நாய் பேரு முறுக்கு. கவூடுல், அதாவது கவாலியரும் பூடுலும் கலந்தது, மெல்போர்ன்ல தெருவுக்கு நாலு இருக்கும். முடியெல்லாம் எண்ணெய்லேந்து இப்பதான் எடுத்துப் போட்ட மாதிரி சுருண்டு சுருண்டு இருக்கும், அதான் என் பொண்ணு அந்தப் பேரை வச்சா. பார்க்ல பாக்கறவங்க எல்லாம் "மூரூக்கூ"ன்னு இழுப்பாங்க, அதுக்கும் வாலை ஆட்டிட்டுப் போகும், தமிழ்ப்பற்றே கிடையாது.

போன அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை வீட்ல யாரும் இல்ல. காரை அவர் எடுத்துட்டுப் போயிட்டார். எனக்கு மூணே ஆசைதான்: கடல் பாக்கணும், நல்ல காபி குடிக்கணும், முறுக்கு கால்கிட்ட படுத்திருக்கணும். ஃபோன்ல தேடினா மெல்போர்ன்லயே கடலோரமா இருக்கற ப்ரைட்டன் பக்கம் டாக் ஃப்ரெண்ட்லி கஃபேன்னு வரிசையா வந்து விழுது, சரி கண்ணை மூடிட்டு எதுல வேணா போய் உக்காரலாம்னு கிளம்பிட்டேன். அங்கதான் தப்பு. அந்த ரெண்டு வார்த்தைக்கு ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு அர்த்தம்னு அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சுபோச்சு.

முதல்ல ட்ரெயின் விஷயம். மெல்போர்ன் மெட்ரோ ட்ரெயின்ல நாயைக் கூட்டிட்டுப் போகலாம், ஆனா கயிறும் வேணும், வாய்மூடியும் வேணும், கூட்ட நேரத்துல தவிர்க்கணும். ட்ராம், பஸ்ல கூண்டுக்குள்ளயோ பைக்குள்ளயோ அடங்கற சின்னப் பிராணிகள் மட்டும்தான். முறுக்கு பதினோரு கிலோ, பைல போட்டுத் தூக்கினா என் தோள்பட்டை காலி. அதனால ஒரு மாசமா வாய்மூடிக்கு ட்ரெய்னிங். கூடை மாதிரி இருக்கற மாடலா வாங்குங்க, அதுலதான் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியும், உள்பக்கம் கொஞ்சம் சீஸ் தடவி வச்சா அதுவாவே மூஞ்சிய விட்டுக்கும். க்ளென் வேவர்லிலேந்து ஏறி ரிச்மண்ட்ல மாறி சாண்ட்ரிங்ஹாம் லைன் புடிச்சோம். எதிர் சீட்டு குட்டிப் பையன் ஒருத்தன் அம்மாகிட்ட "அது கடிக்குமா"ன்னு கேட்டான், முறுக்கு சீஸை நக்கி முடிச்சிட்டு அவன் ஷூ மேல தலையை வச்சுத் தூங்கிடுச்சு.

மிடில் ப்ரைட்டன்ல இறங்கினா எதிர்லயே சர்ச் ஸ்ட்ரீட். அதுலேந்து கடல் பக்கம் போற குறுக்குத் தெருக்கள்ல நடக்கறதுதான் சுகம். ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மரம், கிளையெல்லாம் நடுவுல கைகோத்த மாதிரி, கீழ வெளிச்சம் திட்டுத் திட்டா விழும். காம்பவுண்ட் சுவருக்குப் பின்னாடி இருக்கற வீட்டு விலையை நினைக்காம நடந்தா மனசுக்கு நல்லது. முறுக்குக்கு விலை பத்தியெல்லாம் கவலை இல்ல, ஒவ்வொரு மரத்தடியிலயும் பேப்பர் படிக்கற மாதிரி நின்னு நின்னு மோந்துட்டு வந்துச்சு. வசந்த காலம்ங்கறதால மேக்பைங்கற பறவை வேற, குஞ்சு பொரிச்ச நேரத்துல பின்னாடியிலேந்து வந்து மண்டைல அடிக்கும், நான் துப்பட்டாவை முக்காடா போட்டுட்டுதான் நடந்தேன். ப்ரைட்டன்ல அந்த கோலத்துல நடந்தது நான் ஒருத்தியாதான் இருக்கும்.

நேரா கஃபேக்குப் போகல. அதுல மட்டும் நான் புத்திசாலி. நாயை முதல்ல ஓடவிட்டு களைப்பாக்கிட்டுதான் கடையில உக்காரணும், இல்லன்னா நீங்க காபி குடிக்க மாட்டீங்க, நாயைத்தான் புடிச்சுட்டு இருப்பீங்க. சான்டவுன் ஸ்ட்ரீட் பக்கம் நாய்களை அவிழ்த்து விடறதுக்குன்னே ஒரு பீச் இருக்கு, முக்கால் மணி நேரம் அங்க போச்சு. ஒண்ணு மட்டும் சொல்லணும், போர்ட் ஃபிலிப் பேங்கற இந்த வளைகுடாக் கரையில பஃபர் மீன் ஒதுங்கிக் கிடக்கும், உப்பின வயித்தோட பந்து மாதிரி இருக்கும், அதுல இருக்கற விஷம் நாயைக் கொன்னே போடும். முறுக்கு ஏதோ ஒண்ணைக் கவ்வறதைப் பாத்து நான் ஓடின ஓட்டம் இருக்கே, கடைசில பாத்தா யாரோ விட்டுட்டுப் போன டென்னிஸ் பந்து. மத்த பீச்சுல எல்லாம் விதி வேற வேற, கோடைக்கு ஒண்ணு குளிருக்கு ஒண்ணு, பலகையைப் படிக்காம மணல்ல கால் வைக்காதீங்க.

இப்ப கஃபே. முதல் கடை வெளியில பாத்தாலே ஆசையா இருந்துச்சு, வாசல்ல தண்ணி கிண்ணம், கண்ணாடியில நாய்ப் பாதம் ஸ்டிக்கர். ஆனா வெளிய இருந்த ஆறு மேஜையும் சைக்கிள்காரங்க. சனிக்கிழமை காலைல பீச் ரோடுல சைக்கிள் ஓட்டறது மெல்போர்ன்காரங்களுக்கு ஒரு மதம் மாதிரி, கூட்டம் கூட்டமா வருவாங்க, முடிச்சிட்டு டைட் ட்ரெஸ்ஸோட காபிக்கு உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டாங்க. உள்ள நாலு மேஜை காலியா கிடந்துச்சு. என்னைப் பாத்து சிரிச்சாங்க, முறுக்கைப் பாத்து இன்னும் அதிகமா சிரிச்சாங்க, உள்ள மட்டும் விடமாட்டாங்க.

ரெண்டாவது கடைதான் என்னைக் குழப்பினது. பின்பக்கம் அருமையான முற்றம், மேல திறந்த வானம், சுவர் முழுக்க கொடி. "வெளியதானே, இங்க உக்காரலாமா"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு பாவம், "சாரி டார்லிங், அங்க முடியாது, முன்னாடி ப்ளாட்பாரத்துல மட்டும்தான்"னா. வானம் தெரியுது, அப்புறம் என்ன வெளி உள்ளன்னு எனக்குக் கோவம். ப்ளாட்பாரத்துல ஒரு மரத்தடியில நின்னு ஃபோன்ல விதியைத் தேடிப் படிச்சேன், அவ சொன்னதுதான் சரி. 2012ல ஆஸ்திரேலியாவுல உணவுப் பாதுகாப்பு விதியைத் திருத்தினாங்க, அதுக்கப்புறம்தான் வெளியில சாப்பிடற இடத்துல வளர்ப்பு நாயை விடலாமா வேணாமான்னு கடைக்காரரே முடிவு பண்ணிக்கலாம்னு ஆச்சு. ஆனா "வெளி"ங்கறதுக்கு அவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அங்க சமையல் வேலை நடக்கக் கூடாது, கூரையும் சுவருமா மூடின இடமா இருக்கக் கூடாது, முக்கியமா மூடின இடத்துக்குள்ள நுழையாமலே அங்க போக வழி இருக்கணும். அந்த முற்றத்துக்குப் போகணும்னா கடையோட வயித்துக்குள்ள பூந்துதான் போகணும், அதனால அது கணக்குல வராது. பக்கவாட்டுல ஒரு சந்தும் கேட்டும் இருந்திருந்தா முறுக்கு ராஜா மாதிரி உக்காந்திருக்கும். கண் தெரியாதவங்களுக்கு வழி காட்டற நாய் மாதிரி உதவி நாய்களுக்கு இதெல்லாம் கிடையாது, அவங்க உள்ளயே போகலாம், அது வேற கதை.

இது தெரிஞ்சதும் ஒரு நிம்மதி. விடமாட்டேங்கறவங்க எல்லாம் நாயைப் பிடிக்காதவங்க இல்லன்னு புரிஞ்சுது. விடறதும் விடாததும் அவங்க இஷ்டம், நம்ம உரிமை எதுவும் இல்ல.

மூணாவது கடைல இடம் கிடைச்சுது. நடைபாதை மேஜை, நிழல், எல்லாம் சரி. ஆனா ஆர்டர் கவுன்ட்டர்ல போய்க் கொடுக்கணும். நாயோட தனியா போறவங்களுக்கு இருக்கற மிகப்பெரிய சிக்கல் இதுதான், இதைப் பத்தி எந்த லிஸ்ட்லயும் ஒருத்தரும் எழுத மாட்டாங்க. நான் உள்ள போனா முறுக்கை யார் பாத்துப்பா? மேஜையிலயே க்யூஆர் ஒட்டியிருந்தாலோ, வந்து ஆர்டர் எடுத்தாலோ பிரச்சனையே இல்ல, சுவர்ல ஒரு கொக்கி இருந்தாலாவது பரவாயில்ல. இங்க எதுவும் இல்ல. ஒரே நிமிஷம்தானேன்னு கயித்தை நாற்காலிக் கால்ல மாட்டிட்டு உள்ள போனேன். அலுமினிய நாற்காலி. எடை என்ன, ஒரு ரெண்டு கிலோ இருக்குமா?

"ஃப்ளாட் வைட்"னு வாயைத் திறக்கறேன், வெளிய டடடடடன்னு சத்தம். ஒரு சீகல் பறவை வந்து கீழ விழுந்த சிப்ஸை எடுத்திருக்கு, முறுக்கு அதைத் துரத்த, நாற்காலி பின்னாலயே வர, நாற்காலி சத்தத்துக்கு பயந்து இன்னும் வேகமா ஓட, அந்த வேகத்துல சத்தம் இன்னும் அதிகமாக, நடைபாதைல ஒரு தேரோட்டமே நடக்குது. நடுவுல ஒரு தாத்தாவோட மஃபின் தட்டு போச்சு. அவர் ரொம்ப நல்ல மனுஷன், காலால கயித்தை மிதிச்சு நிறுத்திட்டார். நான் மன்னிப்பு கேக்கறதுக்குள்ள முறுக்கு மஃபினைப் பாத்துடுச்சு, அதுல உலர்திராட்சை, திராட்சை எந்த ரூபத்துலயும் நாயோட சிறுநீரகத்துக்கு ஆகாது, அவ்வளவு கூட்டத்துக்கு முன்னாடி மண்டி போட்டு நாய் வாய்க்குள்ள விரல் விட்டு ஒவ்வொரு திராட்சையா எடுத்தேன். ரெண்டு. முழுங்கல. தாத்தாவுக்குப் புது மஃபின் வாங்கிக் கொடுத்துட்டு காபி குடிக்காமலே கிளம்பிட்டேன், யார் முகத்தையும் பாக்கல. நாயைக் கட்டறதுன்னா தரையோட பதிச்ச கம்பத்துல கட்டுங்க, இல்ல உங்க இடுப்புல.

மானம் போன வேகத்துல டெண்டி ஸ்ட்ரீட் பீச் வரைக்கும் நடந்துட்டேன். அந்தக் கலர் கலர் பெட்டி வீடுகள் இருக்கே, மெல்போர்ன் காலண்டர்ல எல்லாம் வருமே, அந்த இடம். எண்பதுக்கு மேல இருக்கு, மரத்துல செஞ்சது, உள்ள கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணி கிடையாது, ஆனா சிலது 3 லட்சம் டாலருக்கு மேலயே வித்திருக்கு. உடை மாத்தற ரூம் சார் அது. முறுக்கை வச்சு பாதைலேந்தே ஒரு ஃபோட்டோ எடுத்தேன், அது ஃபோட்டோல வேற பக்கம் பாக்குது.

அப்ப மழை. காலைல வெயில், பதினோரு மணிக்கு மழை, இந்த ஊர்ல இதுக்கெல்லாம் அதிர்ச்சி ஆகக் கூடாது. ஓடிப்போய் நாலாவது கடை, கூரை போட்ட வராந்தா, க்யூஆர் ஆர்டர், சந்தோஷமா உக்காந்து ஆர்டரும் போட்டாச்சு. ஒரு பையன் வந்து முறுக்குக்குத் தண்ணி கொடுத்தான், சின்னக் கப்ல பால் நுரை வேணுமான்னு கேட்டான், பப்பச்சீனோவாம். நான் வேணாம்னுட்டேன், முறுக்குக்குப் பால் ஒத்துக்காது, திரும்பி ட்ரெயின்ல போகணும், ரிஸ்க் எடுக்க முடியாது. அதுக்குள்ள சாரல் உள்ள அடிக்க ஆரம்பிச்சுது. அவன் மூணு பக்கமும் சுருட்டி வச்சிருந்த ப்ளாஸ்டிக் திரையைச் சரசரன்னு இறக்கினான், இறக்கிட்டு என்னைப் பாத்தான், முறுக்கைப் பாத்தான். எனக்குப் புரிஞ்சுபோச்சு. கூரை இருக்கு, இப்ப சுவரும் வந்தாச்சு, தற்காலிகமா மூடினாலும் மூடினதுதான்னு விதி சொல்லுது. திரை மேல இருக்கற வரைக்கும் வெளி, இறங்கினா உள். பத்து நிமிஷத்துக்கு முன்னாடி விருந்தாளியா இருந்த நாய் உக்காந்த இடத்துலயே குற்றவாளி ஆயிடுச்சு. அவனுக்கே சங்கடம், காபியை டேக்அவே கப்ல ஊத்திக் கொடுத்து ஒரு பிஸ்கட்டும் வச்சான். மழைல நின்னு குடிச்சேன், பாதி காபி பாதி மழை.

வீட்டுக்கே போயிடலாம்னு ப்ரைட்டன் பீச் ஸ்டேஷனுக்குப் போனா முதல்ல வந்தது எதிர்ப்பக்க ட்ரெயின். ஹாம்ப்டன், அதுக்கப்புறம் சாண்ட்ரிங்ஹாம், ரெண்டே ஸ்டாப்ல லைன் முடிஞ்சுடும். என்னவோ ஏறிட்டேன். சாண்ட்ரிங்ஹாம் வரும்போது மழை விட்டிருந்துச்சு. மரத்துலேந்து மட்டும் சொட்டு சொட்டா விழுது, ரோடெல்லாம் யூகலிப்டஸ் வாசனை.

ஸ்டேஷன்லேந்து கொஞ்ச தூரத்துல ஒரு கடை. கடைன்னு கூட சொல்ல முடியாது, சுவர்ல ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள்ள ஒரு மெஷின், அதுக்குப் பின்னாடி ஒரு ஆள். வெளிய ரோட்டோரமா நீளமா ஒரு மரப் பெஞ்ச், அதோட கால் சிமென்ட்ல பதிச்சது, முதல்ல அதைத்தான் ஆட்டிப் பாத்தேன். உள்ளன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அதனால உள்ள விடுவாங்களாங்கற கேள்வியும் இல்ல. எந்த லிஸ்ட்லயும் இந்தக் கடையை நான் பாக்கல. பெஞ்ச்ல ஏற்கனவே ஒரு கிழட்டு லாப்ரடாரும் அதை வளர்க்கற அம்மாவும். ரெண்டு நாயும் மூக்கோட மூக்கு வச்சு விசாரிச்சுட்டு ஆளுக்கொரு ஓரமா சுருண்டுடுச்சு. கிண்ணம் பொதுவா ஒண்ணுதான் இருந்துச்சு, நான் என் மடக்குக் கிண்ணத்தையே எடுத்தேன், பத்து நாய் நக்கின தண்ணில இருமல் தொத்திக்கும்.

முறுக்கோட ஈர முதுகு என் கணுக்கால்ல படுது, கொஞ்சம் நாத்தம்தான், தெருமுனையில ஒரு கீத்து கடல் தெரியுது. கயித்தை இடுப்புல கட்டிட்டு உக்காந்த இடத்துலேந்தே ஜன்னல் பக்கம் கையை நீட்டி லாட்டே சொன்னேன், 5.50 டாலர். ஆர்டருக்குப் பேர் கேட்டார். என் பேரைச் சொன்னா எழுத்துக் கூட்ட அஞ்சு நிமிஷம் ஆகும், பழக்கத்துல "முறுக்கு"ன்னுட்டேன். அவர் தலையை ஆட்டிட்டு கப்ல என்னமோ எழுதினார்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு ஜன்னல்லேந்து சத்தமா ஒரு குரல், "லாட்டே, மார்க்!"

முறுக்கு எழுந்து வாலை ஆட்டிட்டே ஜன்னலைப் பாத்துப் போச்சு.