முகட்டுப் பலகை எதைத்தான் தாங்குகிறது? - ஓட்டுக் கொட்டகை, மூன்றாம் வாரம்

தாத்தா வீட்டைப் பிரித்தபோது மிஞ்சிய சீமை ஓடுகளும் பனங்கைகளும் கொல்லையில் சும்மா கிடந்தன. பைக் நிறுத்த ஒரு கொட்டகை போடலாமே என்று ஆரம்பித்தேன். அகலம் 8 அடி, நீளம் 10 அடி. முகடு 3 அடி உயரம். பாதி அகலம் 4, உயரம் 3 என்றால் கைமரத்தின், அதாவது முகட்டிலிருந்து கீழே சரியும் மரத்தின், சரிவு நீளம் கச்சிதமாக 5 அடி. கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்றுதான் அந்த அளவு. வெளியே நீட்டி நிற்கும் இறவாரத்துக்கு இன்னும் 15 அங்குலம். 2 அடிக்கு ஒரு ஜோடி, ஆக மொத்தம் 12 கைமரம்.

முதல் ஜோடியிலேயே சறுக்கல். உச்சியில் எதிரெதிர்க் கைமரங்களுக்கு நடுவே நீளவாக்கில் ஓடும் முகட்டுப் பலகை ஒன்றரை அங்குலத் தடிமன். அதில் பாதியை ஒவ்வொரு கைமரத்திலும் கழிக்க மறந்துவிட்டேன். கீழே, தூண்களின் மேல் கிடக்கும் உத்திரத்தில் உட்கார வெட்டிய முக்கோண வெட்டு முக்கால் அங்குலம் வெளியே தள்ளி நின்றது. பனை நாரில் ரம்பம் சிக்கிச் சிக்கி, திரும்ப வெட்ட அரை நாள் போயிற்று. வெட்டு ஆழம் கைமரத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். தாண்டினால் அந்த இடத்திலேயே முறியும்.

இதுவரை முகட்டுப் பலகைதான் கூரையைச் சுமக்கிறது என்று நினைத்திருந்தேன். பக்கத்துத் தெரு ஆசாரி சிரித்தார். "தம்பி, அந்தப் பலகையைத் தூக்கிப் பிடிச்சிருக்கிறதே கைமரம்தான்" என்றார். நம்பாமல், இரண்டு கைமரங்களைத் தரையில் கூடாரம்போல் சாய்த்து, கீழ் முனை இரண்டையும் கயிற்றால் கட்டிப் பார்த்தேன். நின்றது. கயிற்றை அறுத்ததும் இரண்டு முனையும் வழுக்கி விலகி, படாரென்று விழுந்தது. நடுவில் பலகை இருந்திருந்தாலும் அதுவும் கூடவே விழுந்திருக்கும். எதிரெதிர்க் கைமரங்கள் நேர்க்கு நேர் முட்டவும், வரிசை கோணாமல் நிற்கவும்தான் அந்தப் பலகை. சுமக்கிற முகடு வேண்டுமென்றால் அடியில் தூண் கொடுத்த கனமான உத்திரமாகப் போட வேண்டும்.

அப்படியானால் பாரம் எங்கே போகிறது? ஒரு கைமரத்தின் மேல் ஓடு, அதைத் தாங்கும் ரீப்பர் சட்டம் சேர்த்துச் சுமார் 50 கிலோ. என் சரிவுக்கு அது கீழ் முனையை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 33 கிலோ. முகட்டைப் பாதி உயரமாக்கினால் தள்ளல் இரட்டிப்பு. தட்டையாகப் போட ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க.

தெரிந்தும் இடித்துக்கொண்டேன். அந்தத் தள்ளலை இழுத்துப் பிடிக்க வேண்டிய குறுக்குக் கட்டையை, தலை தட்டக்கூடாதென்று முகட்டுக்குப் பக்கத்தில் அடித்தேன். ஒரே பக்கமாக நாற்பது ஓடு ஏற்றியதும் தூண் தலை ஒரு அங்குலம் வெளியே போய்விட்டது. "ரெண்டு பக்கமும் சமமா ஏத்தணும்" என்று ஆசாரி சத்தம் போட்டார். இறக்கி, தூண்களைக் கயிறு போட்டு இழுத்து நேராக்கி, உத்திர மட்டத்திலேயே மூன்று கட்டைகளைக் குறுக்கே கொடுத்தோம். மேல் கட்டையைக் கழற்றவில்லை. காற்று முகட்டைப் பிளக்காமல் இருக்க அது உதவும்.

நேற்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி 170 ஓடு ஏறியது. தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தேன், தூண் அசையவில்லை. தலை மட்டும் கட்டையில் இரண்டு தடவை இடித்தது. முகட்டு ஓடு பதிக்க வேண்டியது பாக்கி. அதில் நான்கு உடைந்திருக்கிறது, பழைய ஓடு விற்கும் இடத்தில் தேட வேண்டும்.