22 பேக்ஸ்லாஷ்

போன மாதம் ஒரு பழைய சர்வரின் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கமாண்ட்களை வரிசையாக ஓட்டும் கோப்பு, என் தலையில் விழுந்தது. ஜாவா எங்கே இருக்கிறது என்று அதுவே தேடி, ஜாவா இருக்கும் டைரக்டரியைச் சொல்லும் ஜாவா ஹோம் மாறியை நிரப்பிக்கொள்ள வேண்டும். விச் ஜாவா என்றால் பாதை வரும். அது பெரும்பாலும் சிம்லிங்க் (வேறொரு கோப்பைக் காட்டும் குறுக்குவழி), அதனால் உண்மையான பாதையைத் தரும் ரீட்லிங்க். பாதையின் கடைசி இரண்டு பகுதிகளை வெட்ட இரண்டு தடவை டிர்நேம். ஒன்றுக்குள் ஒன்றாக நாலு கமாண்ட், அவ்வளவுதான் வேலை.

ஸ்கிரிப்ட் முழுக்க, ஒரு கமாண்டின் விடையை இன்னொன்றுக்குள் நுழைக்கும் பேக்டிக் குறி (`) இருந்ததால் நானும் அதையே பிடித்துக்கொண்டேன். சோதனைக்கு முதலில் இரண்டடுக்கு:

எக்ஸ்=`டிர்நேம் `விச் ஜாவா``

ஓட்டினால், டிர்நேமுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று ஒரு எரர். பின்னாலேயே திரை நிறைய ஜாவாவின் உதவிக் குறிப்பு! ஜாவாவை நான் ஓட்டவே சொல்லவில்லையே என்று அரை மணி நேரம் முழித்தேன். பேக்டிக்கில் திறப்பதும் மூடுவதும் ஒரே குறி. முதல் குறியையும் இரண்டாவதையும் ஷெல் ஜோடி சேர்த்துவிட்டது. உள்ளே வெறும் டிர்நேம். ஒட்டி நின்ற ‘விச்’ மாறியின் மதிப்பாகிவிட்டது. மிச்சமிருந்த ‘ஜாவா’ தனிக் கமாண்டாக ஓடியிருக்கிறது.

உள்குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் (\) போட்டால் சரியாகும். ஆனால் இரண்டாம் அடுக்குக்கு ஒன்று, மூன்றாவதுக்கு மூன்று, நாலாவதுக்கு ஏழு. திறக்கவும் மூடவும் சேர்த்து 22. அதையும் எழுதி ஓடவும் வைத்தேன். ரிவ்யூ பார்த்த அக்கா, “தம்பி, இதை எண்ணிப் பார்க்க எனக்கு நேரமில்லை, டாலர் பிராக்கெட் போடுப்பா” என்றார்.

பேக்டிக் 1979-இல் வந்த போர்ன் ஷெல் காலத்துச் சரக்கு. அதே வேலையைச் செய்யும், அக்கா சொன்ன $( ) வடிவம் கோர்ன் ஷெல்லில் வந்து, பிறகு யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்திலும் ஏறியது. திறப்பும் மூடலும் வேறு வேறு என்பதால் குழப்பமில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் மேற்கோள் கணக்கும் தனி:

$(டிர்நேம் "$(டிர்நேம் "$(ரீட்லிங்க் -எஃப் "$(விச் ஜாவா)")")")

அழகான வரி. அன்று ராத்திரியே, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் கவிழ்ந்தது.

அந்த சர்வரில் ஜாவா தனி டைரக்டரியில் இருந்தது, கிரானின் பாத்தில் (கமாண்ட்களைத் தேடும் டைரக்டரிப் பட்டியல்) அது இல்லை. விச் வெறுமையைத் தந்தது, ரீட்லிங்க் தோற்றது. ஆனால் வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் டிர்நேம் சமர்த்தாக ஒரு புள்ளியைத் திருப்பித் தரும், வெளியேறும் மதிப்பும் சுழியம், அதாவது வெற்றி. கமாண்ட் தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் -இ போட்டிருந்தும் பயனில்லை, வெளி அடுக்கின் மதிப்பைத்தான் ஷெல் பார்க்கிறது. ஜாவா ஹோம் என்பது ஒற்றைப் புள்ளி! மேற்கோள் போடாமல் சோம்பலாக எழுதியிருந்தால் வெற்றுச் சரம் காணாமல் போய், டிர்நேமே கத்தி, ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றிருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது விச் போய், அதே வேலையைச் செய்யும் கமாண்ட் -வி வந்திருக்கிறது, தனி வரியில். அது தோற்றால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு ஸ்கிரிப்ட் வெளியேறும். ரீட்லிங்க்கும் தனி வரி. இரண்டு டிர்நேமை மட்டும் ஒன்றுக்குள் ஒன்றாக விட்டிருக்கிறேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.