மாமாவோட பென்ஷன் புக்கும் இவரோட சி.பி.எஸ் சிலிப்பும்

எங்க வீட்டுல ரெண்டு தலைமுறை போலீஸ். மாமனார் சிறப்பு எஸ்.ஐ-யா ரிட்டயர் ஆனவர், வீட்டுக்காரர் இப்போ தலைமைக் காவலர். ரெண்டு பேரும் அதே காக்கி, அதே பந்தோபஸ்து, அதே தூக்கம் கெட்ட ராத்திரி. ஆனா மாமா பீரோவுல இருக்குறது பென்ஷன் புக், இவர் பேருல இருக்குறது வருஷத்துக்கு ஒரு தடவ நெட்டுல இருந்து எடுக்குற சி.பி.எஸ் கணக்கு சிலிப். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு நாள் உக்காந்து பாத்தேன், அதுல இருந்து எனக்கு ஒரு பயம் புடிச்சுது, அந்த பயத்துல நான் தேடித் தெரிஞ்சுகிட்டத எல்லாம் இங்க எழுதிடலாம்னு தோணுச்சு. போலீஸ் குடும்பத்துல இருக்குற பொண்ணுங்க யாராவது படிச்சா உதவும்.

முதல்ல தேதி. தமிழ்நாட்டுல 1.4.2003 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ அரசு வேலைக்கு வந்தவங்க எல்லாருக்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான், அதாவது சி.பி.எஸ். இதுக்கான நிதித்துறை அரசாணை, 259-ம் நம்பர், வந்தது 6.8.2003-ல. ஆர்டர் ஆகஸ்ட்ல வந்துச்சு, ஆனா ஏப்ரல்ல இருந்தே நடைமுறைன்னு ஆச்சு. இவர் ட்ரெய்னிங் போய் சேர்ந்தது 2003 கடைசில. அவரவிட கொஞ்சம் முன்னாடி வந்த பேட்ச் ஆளு ஒருத்தர் இப்போ இவர் கூட அதே ஸ்டேஷன்ல இருக்காரு, அவருக்கு ஜி.பி.எஃப், அதாவது பொது சேமநிதியும் பழைய பென்ஷனும், இவருக்கு சி.பி.எஸ். ஒரே ஜீப்புல உக்காந்து போறாங்க, வேல ஒண்ணுதான், ஆனா வேலைய விட்டு எறங்குற அன்னைக்கு ரெண்டு பேரும் வேற வேற வாழ்க்கைக்குள்ள போறாங்க. இத நெனச்சா இப்பவும் மனசு கேக்கல.

பிடித்தம் எப்படின்னா, அடிப்படைச் சம்பளம் ப்ளஸ் அகவிலைப்படி, இந்த ரெண்டையும் கூட்டி அதுல 10 சதவீதம் மாசா மாசம் புடிச்சுடுவாங்க. அதே அளவு அரசாங்கமும் போடும். வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி, போலீஸுக்கு வர்ற இடர்படி, சீருடைப்படி இதெல்லாம் கணக்குல வராது. நெறய பேர் கையில வர்ற மொத்த சம்பளத்துல 10 சதவீதம்னு நெனச்சுகிட்டு இருக்காங்க, அது இல்ல.

ஒரு கணக்கு போட்டு பாக்கலாம். அடிப்படை 40,000, அகவிலைப்படி 58 சதவீதம்னு வச்சுக்குவோம், அது 23,200. மொத்தம் 63,200, அதுல 10 சதவீதம் 6,320. நம்ம பங்கு 6,320, அரசு பங்கு 6,320, ஆக ஒரு மாசத்துக்கு 12,640 ரூபா நம்ம கணக்குல ஏறணும். அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் பிடித்தமும் தானா ஏறும், அந்த டி.ஏ அரியர் ஒண்ணா போடுறாங்களே அதுலயும் 10 சதவீதம் போகும். அரியர் வந்த மாசம் அந்த தொகையும் சிலிப்புல ஏறியிருக்கான்னு தனியா பாக்கணும், ஏன்னா அது சம்பள பில்லுல வராது, தனி பில்லா போகும், அங்கதான் தவறுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி.

மத்திய அரசுல 2019 ஏப்ரல்ல இருந்து அரசு பங்கு 14 சதவீதம் ஆயிடுச்சு, நம்ம ஊர்ல 10-லயே இருந்துச்சு. இன்னொரு வித்தியாசம், மத்திய அரசோட தேசிய ஓய்வூதியத் திட்டம், அதான் என்.பி.எஸ், அந்த பணம் ஃபண்ட் மேனேஜர்கிட்ட போய் மார்க்கெட்டோட ஏறி எறங்கும். தமிழ்நாடு அந்த பக்கம் போகல, பணம் மாநில அரசுகிட்டயே இருக்கு, கணக்க அரசு தகவல் தொகுப்பு மையம் பாத்துக்குது, வட்டி ஜி.பி.எஃப்-க்கு என்ன குடுக்குறாங்களோ அதேதான். 2020 ஏப்ரல்ல இருந்து அது 7.1 சதவீதம். மார்க்கெட் பயம் இல்லைங்குறது ஒரு விதத்துல நிம்மதி, அத நான் மறுக்க மாட்டேன்.

ஆனா மாமா பென்ஷன் புக்கோட சேத்து பாத்தப்போதான் நிம்மதி போச்சு. பழைய திட்டத்துல 30 வருஷம் தகுதியான சர்வீஸ் இருந்தா கடைசி சம்பளத்துல பாதி பென்ஷன். அதே 40,000 ரூபாய எடுத்துகிட்டா பென்ஷன் 20,000, அதுக்கு மேல 58 சதவீதம் அகவிலைப்படி, மொத்தம் 31,600. பேங்க்ல பணம் போட்டு வட்டியா மாசம் 31,600 வரணும்னா, 7.1 சதவீதத்துல கிட்டத்தட்ட 53 லட்சத்துக்கு மேல வேணும். அப்பவும் அந்த வட்டி ஏறாது, பென்ஷன்ல அகவிலைப்படி வருஷத்துக்கு ரெண்டு தடவ ஏறும். மாமா இல்லன்னாலும் அத்தைக்கு குடும்ப பென்ஷன் வரும். சி.பி.எஸ்-ல ரிட்டயர் ஆனவங்களுக்கு சேந்த பணத்த மொத்தமா குடுத்து அனுப்பிட்டாங்க, மாசா மாசம்னு ஒண்ணும் இல்ல, பணிக்கொடையும் இல்ல, குடும்ப பென்ஷனும் இல்ல. அந்த மொத்த பணத்தக்கூட எப்படி குடுக்கணும்னு அரசாணை வந்தது 2016 பிப்ரவரியிலதான், 59-ம் நம்பர். 2003-ல திட்டம் ஆரம்பிச்சு பதிமூணு வருஷம் கழிச்சு! நடுவுல டூட்டியில எறந்து போன ஆளுங்க வீட்டுல அந்த பணத்துக்காக எத்தன நாள் காத்துகிட்டு இருந்திருப்பாங்கன்னு யோசிச்சு பாருங்க. போலீஸ் வேலையில அது நடக்காத விஷயம் இல்லையே, ஹைவே செக்போஸ்ட்ல லாரி மோதி, ராத்திரி டூட்டி முடிச்சு பைக்ல வர்றப்போ தூக்கத்துல விழுந்து, அம்பது வயசுக்கு முன்னாடியே ஹார்ட் அட்டாக்ல, எத்தன பேர பாத்துட்டோம்.

இன்னொரு விஷயம், அவசரத்துக்கு எடுக்க முடியாது. மாமா ஜி.பி.எஃப்ல லோன் போட்டுத்தான் ரெண்டு நாத்தனாருங்க கல்யாணமும் பண்ணாரு, இந்த வீட்டு மாடியும் அந்த பணத்துலதான் எழும்புச்சு. இவருக்கு கணக்குல லட்சக்கணக்குல காட்டுது, ஆனா என் சின்னவனுக்கு ஆபரேஷன்னு வந்தப்போ அதுல ஒரு ரூபா தொட முடியல, என் வளையலதான் அடகு வச்சோம். மாமா அன்னைக்கு ஒண்ணும் பேசல, மறுநாள் காலைல வந்து, "ஏம்மா, என் பென்ஷன் பணம் கொஞ்சம் பேங்க்ல கெடக்கு, அத எடுத்து முதல்ல வளையல மீட்டுடு"ன்னாரு. நான் வேணாம் மாமான்னேன். அவர் கேக்கல. எழுபது வயசு தாண்டுன மனுஷன் பென்ஷன்ல இருந்து, இன்னும் வேலையில இருக்குற மகனுக்கு குடுக்குறாரு.

சரி இப்போ சிலிப்புக்கு வர்றேன், நான் இத எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

சி.பி.எஸ் வெப்சைட்ல நம்பரும் பிறந்த தேதியும் வச்சு உள்ள போனா வருஷ வாரியா கணக்குத் தாள் எடுக்கலாம். மார்ச் மாசத்தோட முடியுற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு தாள். அதுல முன் இருப்பு, மாசா மாசம் நம்ம பங்கு, அரசு பங்கு, வட்டி, கடைசி இருப்பு எல்லாம் இருக்கும். எல்லாரும் என்ன பண்றாங்கன்னா கடைசி இருப்ப மட்டும் பாத்துட்டு மூடிடுறாங்க. இவரும் அப்படித்தான், பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு டூட்டிக்கு போயிடுவாரு. நான் ஒரு நோட்டு போட்டு, 12 மாசத்துக்கும் கட்டம் போட்டு, ஒவ்வொரு வருஷமா எழுதிகிட்டு வந்தேன். 2009-10 வந்தப்போ ஏழு கட்டம் காலி. திரும்ப திரும்ப பாத்தேன், காலிதான்.

அந்த வருஷம்தான் இவர் பட்டாலியன்ல இருந்து ஆயுதப்படைக்கு மாறி வந்தாரு. போலீஸ்ல இது சகஜம், முதல்ல சிறப்புக் காவல் படை, அப்புறம் ஆயுதப்படை, அப்புறம் லோக்கல் ஸ்டேஷன். ஒவ்வொரு தடவ மாறும்போதும் சம்பளம் போடுற ஆபீஸ் மாறும், கருவூலம் மாறும். அப்போ சம்பள விவரம் பாக்குற இந்த களஞ்சியம் ஆப்பு எல்லாம் கெடையாது, சம்பள பில்லோட சி.பி.எஸ் ஷெட்யூல்னு ஒரு தாள் வச்சு அனுப்புவாங்க, அதுல பேரு, நம்பர், தொகை இருக்கும். அந்த நம்பர்ல ஒரு எண்ணு தப்பா போனாலும் பணம் சம்பளத்துல இருந்து போயிருக்கும், கணக்குல ஏறியிருக்காது. இவருக்கு அதேதான் நடந்திருக்கு. ஏழு மாசத்துல அஞ்சு மாசம் நம்பர்ல ஒரு எண்ணு மாறி எழுதியிருக்கு, மிச்ச ரெண்டு மாசத்துக்கு ஷெட்யூலே போகல.

அப்போ மாசம் 1,000 ரூபா மாதிரி புடிச்சிருக்காங்க. ஏழு மாசத்துக்கு 7,000, அரசு பங்கோட 14,000. சின்ன தொகைன்னு விட்டுடலாம்னு இவர் சொன்னாரு. ஆனா வட்டி வருஷா வருஷம் இருப்போட சேந்து வட்டிக்கு வட்டியா ஏறுது, பதினாறு வருஷத்துல அந்த 14,000 நாப்பதாயிரத்த தாண்டும், இவர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் இன்னும் ஏறும். ராத்திரி ரோந்து போய் சம்பாதிச்ச காசு, எப்படி விட முடியும்?

விட்ட மாசத்த சேக்க என்ன வேணும்னு கேட்டா, அந்த மாச பில் நம்பர், கருவூலத்துல போட்ட டோக்கன் நம்பர், பணமான தேதி, அந்த ஷெட்யூல் நகல். இத இவர் இப்போ வேல பாக்குற இடத்துல கேட்டா, பழைய யூனிட்ல கேளுங்கன்றாங்க. பழைய யூனிட்ல கேட்டா ரெக்கார்டு ரூம்ல தேடணும், ஆளு இல்லைன்றாங்க. லீவு போட்டு போனா அந்த கிளார்க் லீவு. நாலு தடவ அலைஞ்சதுக்கு அப்புறம் அங்க இருந்த ஒரு அம்மா, ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கும்போல, அவங்களே மூட்டைய பிரிச்சு தேடி அஞ்சு மாச பில்ல எடுத்து குடுத்தாங்க. பழுப்பேறிப்போன தாள், ஓரம் எல்லாம் பூச்சி அரிச்சிருக்கு, அதுல இவர் பேரு நேரா இருக்கு, நம்பர்ல 6 இருக்க வேண்டிய எடத்துல 0. அந்த ஒரு சுழிய பாத்துட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அதனால போலீஸ் வீட்டு ஆளுங்ககிட்ட நான் கெஞ்சி கேக்குறேன், டிரான்ஸ்ஃபர் ஆன வருஷத்த மட்டுமாவது எடுத்து பாருங்க. ஸ்டேஷன் மாறுனது, டெபுடேஷன் போனது, ப்ரமோஷன் வந்தது, மெடிக்கல் லீவுல இருந்துட்டு வந்தது, அந்த மாசங்கள்ல தான் ஓட்டை இருக்கும். பே சிலிப்ப தூக்கிப் போடாதீங்க. வேலையில சேந்த புதுசுல நம்பர் வர லேட்டாகி அப்புறம் டபுளா புடிச்சவங்களும் இருக்காங்க, அந்த டபுள் பிடித்தம் முழுசா ஏறியிருக்கான்னு பாருங்க. நாமினி யாருன்னும் பாருங்க, கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேர குடுத்துட்டு மாத்தாமயே இருக்குறவங்க நெறய. இவரும் அப்படித்தான் வச்சிருந்தாரு.

2026 ஜனவரில முதலமைச்சர் ஸ்டாலின் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்னு அறிவிச்சாரு, டாப்ஸ்னு சொல்றாங்களே அதுதான். கடைசி அடிப்படைச் சம்பளத்துல 50 சதவீதம் பென்ஷன், அகவிலைப்படி உயர்வு, குடும்ப பென்ஷன் 60 சதவீதம், பணிக்கொடை 25 லட்சம் வரைக்கும். அறிவிப்ப டிவில பாத்துட்டு மாமா இனிப்பு வாங்கிட்டு வந்தாரு. ஆனா ஊழியர்கிட்ட 10 சதவீத பிடித்தம் தொடரும், மேல ஆகுற நிதிய அரசு போடும்னுதான் அறிவிப்பு. மாமா காலத்துல பென்ஷனுக்குன்னு சம்பளத்துல கை வச்சதே இல்ல, ஜி.பி.எஃப் புடிச்சாங்க, அது அவர் பணம், வட்டியோட திரும்ப வாங்கிட்டாரு. அதனால இது பழைய பென்ஷன் இல்லன்னு சங்கத்து ஆளுங்க சொல்றதுல ஞாயம் இருக்கு. ஆனா ஒண்ணுமே இல்லாம அனுப்புனதுக்கு இது எவ்வளவோ தேவலன்னுதான் எனக்கு படுது, நாளைக்கு எனக்கு ஒண்ணும் இல்லாம போயிடுமோன்னு இருந்த பயம் பாதி கொறஞ்சுது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், பஞ்சாப், இமாச்சல் எல்லாம் பழைய திட்டத்துக்கே போறோம்னு சொன்ன மாநிலங்கள், மேற்கு வங்கம் பழசுல இருந்து மாறவே இல்ல. எங்க தெரு பையன் ஒருத்தன் சி.ஆர்.பி.எஃப்-ல இருக்கான், அவங்களுக்கு 2023 ஜனவரில டெல்லி ஹைகோர்ட் பழைய பென்ஷன் உண்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, சுப்ரீம் கோர்ட் அதுக்கு தடை போட்டுடுச்சு. அவங்க அம்மா என்ன பாக்குறப்போ எல்லாம் அதப்பத்தி கேப்பாங்க.

புது திட்டம் வந்துடுச்சே, இனிமே சிலிப் எதுக்குன்னு இவர் கேட்டாரு. எந்த திட்டமா இருந்தாலும் நம்ம சம்பளத்துல புடிச்ச பணம் நம்ம பேருல இருக்கணும் இல்லையான்னேன், அப்புறம் ஒண்ணும் சொல்லல.

போன மாசம் சிலிப் எடுத்தேன். அஞ்சு மாசம் ஏறிடுச்சு, வட்டியோட. நோட்டுல அந்த அஞ்சு கட்டத்தையும் பச்ச பேனாவால நெரப்புனேன். ரெண்டு கட்டம் இன்னும் காலி, டிசம்பரும் ஜனவரியும். அந்த அம்மா ஃபோன் பண்ணி, கருவூலத்துல அந்த ரெண்டு மாச டோக்கன் நம்பர் கெடைச்சிருக்கு, ஆள அனுப்புங்கன்னு சொன்னாங்க. இவருக்கு இந்த வாரம் பூரா திருவிழா பந்தோபஸ்து. வர்ற திங்கக்கிழமை லெட்டர எடுத்துகிட்டு மாமாவும் நானும் போறோம்.